ஏழாவது படத்துக்கு வசனம் இல்லை

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் முப்பத்தொரு வாக்குத்தத்தங்கள் தொங்குகின்றன. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் அந்த வருடத்துக்கான பைபிள் வசன அட்டையைக் கொடுப்பார்கள். மற்ற வீடுகளில் அதைக் காலண்டர் ஆணியில் செருகி வைத்து, அடுத்த வருடம் புது அட்டை வந்ததும் எடுத்துவிடுவார்கள். என் மாமியார் அப்படி எடுக்க விடமாட்டார். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டுவார். ஆண்டவர் தந்த வாக்கைப் பழசாகிவிட்டது என்று தூக்கிப் போட முடியுமா என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டுக்கு முதல் முறை வருகிறவர்கள் சோபாவில் உட்கார்ந்ததும் சுவரை வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் காப்பி கொண்டுவருவதற்குள் ஏழெட்டு வருடத்தை முடித்திருப்பார்கள்.

இந்த வீட்டுச் சுவரில் ஒரு மாதா படம் மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. ஒன்றே ஒன்று. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நான் இனயம் பக்கத்துக் கடற்கரைக்காரி. எங்கள் ஊரில் வீடு கட்டினால் மாதாவுக்கு இடம் பார்த்துவிட்டுத்தான் அடுப்புக்கு இடம் பார்ப்பார்கள். மாதாவுக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் படத்தில் மாதாவின் பாதத்தைத் தொட்டு, அந்த விரலை உதட்டில் வைத்துக்கொள்வோம். முத்தி செய்வது என்போம். கடலுக்குப் புறப்படும் அப்பா வெற்றிலைப் பொட்டலத்தை மறந்துவிட்டுப் போன நாட்கள் உண்டு, முத்தி செய்ய மறந்த நாள் கிடையாது.

அப்படிப்பட்டவள் மார்த்தாண்டம் பக்கத்துச் சபைக்கார வீட்டில் வந்து விழுந்ததற்குக் காரணம் ஒரு பஸ். நானும் இவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள். நான் தமிழ், இவர் கணக்கு. தினமும் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆர்.சி. என்கிற கத்தோலிக்க வீட்டுப் பெண், புராட்டஸ்டண்ட் சபைக்கார வீட்டுக்குப் போவது எங்கள் மாவட்டத்தில் லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டு பக்கமும் கூடிப் பேசினார்கள், முகம் திருப்பினார்கள், மறுபடியும் கூடிப் பேசினார்கள். கடைசியில் என் மாமியார்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"மக்களே, உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. நீ மீன் கொழம்பு எப்படி வச்சாலும் நான் திம்பேன். படமும் சொரூபமும் மட்டும் எனக்க வீட்டுக்குள்ள வரப்பிடாது. அது ஒண்ணுதான் நான் கேக்கியது."

சரி என்றேன். அந்த வயதில், அந்தக் காதலில், வீட்டுக்குள் காற்றே வரக்கூடாது என்று சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

அந்தச் சரியை ஒரே ஒரு முறை அம்மா மீறப் பார்த்தாள். எனக்கு மகள் பிறந்திருந்தாள். நாலு நாளாகியும் பால் சுரக்கவில்லை. குழந்தை கத்துகிறது, நான் கத்துகிறேன், இவர் கிணற்றடியில் போய் நின்றுகொண்டார். அம்மா இனயத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். பால் ஊறுவதற்குப் பிள்ளைச் சுறாவும் பூண்டும் கொண்டுவந்தாள். கூடவே ஒரு காகிதத்தில் மடித்து உள்ளங்கை அளவு மாதா படம் ஒன்றும் கொண்டுவந்தாள். என் தலையணைக்குக் கீழே வைக்கத்தான். மாமியார் சுறாவை வாங்கிக்கொண்டார், பூண்டை வாங்கிக்கொண்டார். அம்மா புறப்படும்போது அவள் பையில் ஒரு சீப்பு பேயன் பழம் வைத்தார். பழத்துக்கு அடியில் அந்த மடித்த காகிதத்தையும் வைத்து அனுப்பிவிட்டார். ஒரு சுடுசொல் இல்லை. அம்மா வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தபோதுதான் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் பால் வந்தது. மாதா தந்தது என்றாள் அம்மா. ஜெபம் கேட்கப்பட்டது என்றார் மாமியார். சுறாவின் பங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பழச் சீப்பு என் மனதில் முள்ளாகக் கிடந்தது. அம்மா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆன பிறகும் பேயன் பழத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அந்த மகள் வளர்ந்து நர்ஸாகி ஜெர்மனிக்குப் போனாள். அவளுக்கு மகன் பிறந்தபோது மூன்று மாதம் துணைக்குப் போயிருந்தேன். ஜெர்மனியில் நான் பார்த்தது ஒரு சமையலறை, ஒரு துணி துவைக்கும் மெஷின், ஒரு பேரன். ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது மகளுக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளையைத் தள்ளுவண்டியில் போட்டு என்னை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். வெளியே நல்ல மழை, அதுவும் ஒரு காரணம்.

உள்ளே ஒரு கூடம் முழுக்க மாதா.

நான் அசந்துபோனேன். எல்லாம் ஐந்நூறு அறுநூறு வருடங்களுக்கு முன்னால் கோவில்களுக்காக வரைந்தவை என்றாள் மகள். மரப்பலகையில் வரைந்து, பின்னால் வானம் இருக்க வேண்டிய இடத்தில் தங்கத்தை ஒட்டியிருந்தார்கள். எல்லாருடைய தலைக்குப் பின்னாலும் ஒரு தங்கத் தட்டு. குழந்தை இயேசு பாதிப் படங்களில் ரிட்டையர் ஆன தாசில்தார் மாதிரி இருந்தார். குழந்தை வரையத் தெரியாதவர்களா, குழந்தையைப் பார்க்காதவர்களா என்று தெரியவில்லை. ஆனால் விரல்களை அப்படி வரைந்திருந்தார்கள், துணி மடிப்பை அப்படி வரைந்திருந்தார்கள். எந்த முகத்திலும் அவசரம் இல்லை.

இத்தனை மாதா இருந்தும் ஒரு மெழுகுதிரி கிடையாது. முழங்காலில் நிற்க ஒரு பலகை கிடையாது. வந்தவர்கள் எல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சந்தையில் மாடு பார்ப்பவர்களைப் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு வீட்டுக்குள் போய் வீட்டுக்காரியிடம் பேசாமல் மேசை நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது போல இருந்தது.

கூடத்தின் கடைசியில் ஒரு சின்னப் படம். மாதா பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். பிள்ளை ஒரு கையால் மார்பைப் பிடித்துக்கொண்டு, பால் குடிப்பதை நிறுத்திவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. நீ யார், எதற்கு வந்தாய் என்பது மாதிரி ஒரு பார்வை. என் பேரன் வீட்டில் அப்படித்தான் பார்ப்பான்.

எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. என் கை நீண்டு மாதாவின் பாதத்தைத் தொட்டது, விரல் உதட்டுக்கு வந்தது. உடனே எங்கேயோ மணி அடித்தது. ஆறடி உயரக் காவல்காரப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். அவளுடைய மொழியில் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் திட்டு எல்லா மொழியிலும் புரியும். மகள் சிவந்துபோய் என்னவோ சொல்லிச் சமாளித்தாள்.

"என்ன சொன்னே அவகிட்ட?"

"அம்மைக்குக் கண்ணு சரியாத் தெரியாது, அதான் தடவிப் பாத்ததுன்னு சொன்னேன். ஏம்மா, நீ இப்பவும் இதெல்லாம் செய்வியா?"

முப்பது வருடமாக இதெல்லாம் செய்ததில்லை. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனேன், கீர்த்தனை பாடினேன், பெண்கள் சங்கத்துக்குக் கணக்கு எழுதினேன். என் கை மட்டும் சபை மாறவில்லை என்பது அந்தக் கூடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

கீழ்த்தளத்தில் ஒரு கடை இருந்தது. மேலே உள்ள படங்களை நல்ல காகிதத்தில் அச்சடித்து விற்றார்கள். எனக்கு வேண்டியது அந்த ஒரு படம். ஆனால் நான் கணக்கு வாத்தியார் மனைவி. ஒன்றை மட்டும் வாங்கிப் போனால் அது மாதா படம். ஏழாக வாங்கிப் போனால் அது ஆர்ட். பக்கத்துக் கூடங்களின் படங்களையும் சேர்த்து ஏழு வாங்கினேன். மகள் சிரித்துச் சிரித்துத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

ஊரில் என் பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் சாக்லேட்டுக்காகக் காத்திருந்தார்கள். நீளமான அட்டைக் குழாயிலிருந்து சுருள் சுருளாகக் காகிதம் வந்ததும் அவர்கள் முகம் போன போக்கை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். மாமியார் தன் நாற்காலியிலிருந்து கேட்டார்.

"அது என்னவாக்கும்?"

"ஆர்ட்டாக்கும் மாமி."

"ஆர்ட்டா? அது எந்தச் சபை?"

எங்கள் ஊரில் அது நியாயமான சந்தேகம். தெருவுக்கு ஒரு சபை, சபைக்கு ஒரு மைக். இவர் குறுக்கே வந்து, "சபை இல்லம்மா, பழைய காலத்து ஓவியம்" என்றார். சொல்லிவிட்டு அவசரமாகத் தினத்தாளை விரித்துக்கொண்டார். முப்பது வருடமாக எனக்கும் அவர் அம்மாவுக்கும் நடுவில் அந்தத் தாள்தான் அவருக்குக் கூரை.

படங்களை மார்த்தாண்டத்தில் ஒரு ஃப்ரேம் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாமி படமா, செத்தவிய படமா?"

"ரெண்டும் இல்ல. ஆர்ட்."

"அப்படி ஒண்ணு இல்லியே டீச்சர். சாமிக்குத் தங்கக் கலர் ஃப்ரேம். செத்தவியளுக்குக் கறுப்பு. நீங்க ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். படத்தில் இருப்பவர்கள் எல்லாரும் செத்து ஆயிரத்துச் சொச்சம் வருடம் ஆகிறது. கறுப்பு என்றேன். அவர் மனம் ஒப்பாமல் தலையாட்டினார். ஒரு வாரம் கழித்து வாங்கப் போனால் ஆறு படம் கறுப்புச் சட்டத்தில் இருந்தது. பால் கொடுக்கும் மாதாவுக்கு மட்டும் தங்கச் சட்டம் போட்டு, மேலே சிவப்பு பல்பும் வைத்து, பின்னால் ஒயரும் பிளக்கும் தொங்கவிட்டிருந்தார். "மாதா படத்துக்கு லைட்டு இல்லாம நான் எப்படித் தருவேன்? எனக்கும் மனசாட்சின்னு ஒண்ணு உண்டும்லா" என்றார். நெற்றியில் திருநாமம் இட்ட மனிதர் அவர். அவரிடம் நான் என்ன சண்டை போடுவது?

வசனங்களுக்கு எதிர்ச் சுவரில் படங்களை மாட்ட இவர் டேப்பை வைத்து அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, ஆணி அடித்தார். மாமியார் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவருக்கு வயது எண்பத்துநாலு. ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, மற்றக் கண் அடுத்த மாதத்துக்குக் காத்திருந்தது.

"மாட்டு. வேண்டாம்னு சொல்லல்ல. ஆனா ஒவ்வொண்ணுக்கும் அதிகாரமும் வசனமும் சொல்லணும். வேதத்துல உள்ளதுன்னா இருக்கட்டும். வேதத்துல இல்லாதது இந்தச் சுவருல இருக்கப்பிடாது."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. முப்பது வருடம் முன்னால் படமே கூடாது என்றவர் இப்போது வசனம் இருந்தால் போதும் என்கிறார். கொள்ளுப்பேரன் பிறந்த சந்தோஷமாக இருக்கலாம். நான் வாத்தியாரம்மா, வாய்க்குப் பஞ்சமா? முதல் படத்தை நீட்டினேன். தேவதூதன் மண்டியிட்டு வாழ்த்துகிறான், அந்தப் பெண் புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

மாமியார் படத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். தேவதூதனை அவர் முதலில் கண்டுகொள்ளவே இல்லை.

"கையில என்ன, புஸ்தகமா?"

"ஆமா மாமி. வேதம் வாசிக்கா."

"பாத்தியா!" மாமியாரின் முகம் மலர்ந்தது. "தூதன் வந்து நிக்கியான், அவ விரலைப் பக்கத்துல இருந்து எடுக்கல்ல பாரு. இது எப்படி ஆர்.சி.க்காரி ஆவா? நம்ம ஆளாக்கும்."

மாதா சபையில் சேர்ந்துவிட்டாள். சுவரில் ஏறினாள்.

அதற்கடுத்தது பிறப்பு. மாடும் கழுதையும் தொட்டிலை எட்டிப் பார்க்கின்றன, மாதா அசதியில் படுத்திருக்கிறாள். மூலையில் அவள் கணவர் முழங்காலில் குனிந்து, கன்னம் உப்ப அடுப்பை ஊதிக் கஞ்சி காய்ச்சுகிறார். மாமியார் வெகுநேரம் அந்தக் கஞ்சியையே பார்த்தார். பிறகு சுத்தியலோடு நின்ற மகனைப் பார்த்தார். "பெத்தவளுக்கு ஆம்பிள கஞ்சி காய்ச்சுகான். நீ கிணத்தடியில நிண்ணவன்." அன்று மாலை இவர் யாரும் சொல்லாமலே தேநீர் போட்டார், அதில் சர்க்கரைக்குப் பதில் உப்பு இருந்தது என்பது வேறு விஷயம்.

கடலில் வலை இழுக்கும் சீடர்கள் படத்துக்குக் கேள்வியே இல்லை. நான்தான் குறை கண்டுபிடித்தேன். அவ்வளவு சின்ன வள்ளத்தில் ஆறு பேரும் ஒரே பக்கம் சாய்ந்து வலையை இழுத்தால் மீனுக்கு முன்னால் அவர்கள்தான் தண்ணீருக்குள் இருப்பார்கள். வரைந்தவர் கடற்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். சிங்கத்தோடு இருக்கும் கிழவர் வேதத்தில் இல்லாத ஒரு புனிதர்; அவரை, வேதத்தில் சிங்கக் கெபியில், அதாவது குகையில், போடப்பட்டவர் வயசான காலத்தில் என்று மாமியாரே தீர்மானித்தார். சிங்கம் அவரை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே வந்துவிட்டதாம். பன்றியோடு நிற்கும் துறவியைக் கண்டதும், "இது பன்னி மேய்ச்ச கெட்ட குமாரன்" என்றார். வேதத்தில் அவன் அப்பனை விட்டு ஓடிப்போய், பிறகு திரும்பி வந்த இளைஞன். "தாடி எல்லாம் நரைச்சிருக்கே மாமி" என்றேன். "அப்பங்கிட்டப் போகப் பிந்திப்போச்சு, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார்.

ஆறாவது, ஒரு தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நிற்கும் பெண். எங்கள் ஊரில் கண் வலிக்கு இந்தப் புனிதைக்குத்தான் வெள்ளிக் கண் நேர்ந்து போடுவார்கள். அதை நான் சொல்வேனா? "இடறல் உண்டாக்குற கண்ணைப் பிடுங்கிப் போடுன்னு வேதத்துல வருதுல்லா, மாமி" என்றேன். "ஓ, அப்படியே செய்துட்டா போலிருக்கு. பாவம், வைராக்கியக்காரி" என்று மாமியார் உச்சுக்கொட்டினார். அந்தப் படத்தைத் தன் நாற்காலிக்கு மேலேயே மாட்டச் சொன்னார். அன்றிலிருந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது அந்தப் படத்துக்குக் கீழேதான் முகத்தை நிமிர்த்தி உட்காருகிறார். நான் மருந்தை விடுவேன், வாயைத் திறக்க மாட்டேன்.

ஏழாவதை எடுத்தேன்.

"இது?"

பிறப்பு என்று சொல்லிப் பார்த்தேன். "பிறப்பு அந்தால தொங்குகே. இதுல மாடு எங்க, மேய்ப்பன் எங்க? பின்னால சும்மா தங்கமால்லா கெடக்கு." விரலால் சட்டத்தைத் தடவிக்கொண்டே போனவர் பல்பில் வந்து நின்றார். ஒயரைப் பிடித்துக்கொண்டே பிளக் வரைக்கும் போனார்.

"மக்களே, இது உங்க ஊரு மாதா படமாக்கும்."

ஆறு படத்துக்குக் கூசாமல் கதை சொன்ன எனக்கு இந்தப் படத்துக்கு ஒரு பொய் வரவில்லை. வந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். ஆமா மாமி என்றேன். அவர் கோபப்படவில்லை. படத்தை என் கையில் திருப்பித் தந்தார், அவ்வளவுதான். அம்மாவின் பையில் பழம் வைத்ததும் இதே முகத்தோடுதான் இருந்திருக்கும். படத்தைப் பழைய சேலையில் சுற்றி உள்ளறை பீரோவுக்குப் பின்னால் செருகினேன். அன்று மீன் குழம்பில் வேண்டுமென்றே புளியை அள்ளிப் போட்டேன். மாமியார் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். வாக்குத் தவறாத மனுஷி.

பெண்கள் சங்க ஜெபக்கூட்டம் வியாழக்கிழமைதோறும் ஒவ்வொரு வீட்டில் முறை வைத்து நடக்கும். அந்த ஆனி மாதம் எங்கள் முறை வந்தது. வழக்கமாகப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அன்று மதியம் கொட்டுகிற மழையிலும் முப்பதுக்கு மேல் வந்தார்கள். எங்கள் வீடு ஆர்.சி. ஆகிவிட்டது என்று ஊருக்குள் பேச்சாம். கடற்கரைக்காரி கடைசியில் தன் வேலையைக் காட்டிவிட்டாளாம். அத்தனை பேரும் குடையை மடிப்பதற்குள் சுவரைத்தான் பார்த்தார்கள்.

அவர்கள் கேட்கும் முன்பே மாமியார் எழுந்தார். கைத்தடியை ஒவ்வொரு படத்துக்கும் நேராக நீட்டி, அதிகாரமும் வசனமும் ஒப்பித்தார். எண் பிசகவில்லை. சிங்கத்துக்கு, பன்றிக்கு, தட்டில் இருந்த கண்ணுக்கு, கஞ்சிக்குக்கூட வசனம் வைத்திருந்தார். அந்த ஜெர்மனிக் காவல்காரி வந்து பார்த்திருந்தால் தன் வேலையை இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருப்பாள். சங்கச் செயலாளர் தன் வேதப் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்துவிட்டு மூடினார். முப்பது பேரும் கண்களைத் தட்டில் வைத்தவளுக்காக ஒருமுறை உச்சுக்கொட்டிவிட்டு உட்கார்ந்தார்கள்.

உட்காரப் பாய் போதவில்லை. ஒரு பெண் உதவி செய்வதாக உள்ளறைக்குப் போனாள். எங்கள் வீட்டில் பாய் எங்கே இருக்கும்? பீரோவுக்குப் பின்னால். நான் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் அவள் பாயோடு சேர்த்து ஒரு சேலை மூட்டையையும் இழுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டாள். சேலை அவிழ்ந்து விழுந்தது. பிளக் தரையில் கடகடவென்று உருண்டது. தங்கச் சட்டமும் பல்புமாக மாதா முப்பது பேருக்கும் நடுவில் நின்றாள்.

எனக்கு வரப்போகும் பேச்சைப் பற்றி நான் பயப்படவில்லை. எண்பத்துநாலு வயதில், ஊரைக் கூட்டி வைத்து வசனம் ஒப்பித்த அந்த மனுஷியை நான் தலைகுனிய வைத்துவிட்டேனே என்பதுதான் பயம்.

செயலாளர் குரலில் தேன் சொட்டியது. "மாமி, இது எந்த அதிகாரமாக்கும்?"

"இங்க கொண்டா பாப்பம்."

மாமியார் படத்தை மடியில் வைத்து, தெளிந்த கண்ணால் குனிந்து பார்த்தார். அன்று அவர் பல்பைத் தடவவில்லை, ஒயரைத் தேடவில்லை. முகத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். மார்பைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கையைப் பார்த்தார்.

"ஏட்டி, பிள்ளைக்குப் பால் குடுக்கா" என்றார். "இதுக்கு என்னத்துக்கு அதிகாரம்? நீங்க எல்லாரும் வசனம் பாத்துட்டா பிள்ளைக்குப் பால் குடுத்திய?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருத்தி சிரித்தால் போதாதா, முப்பது பேரும் சிரித்தார்கள். போதகரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். செயலாளர் பாட்டு எண்ணைச் சொன்னார். அன்றைக்குக் கீர்த்தனை கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது.

முந்திரிக்கொத்தும் தேநீரும் முடிந்து எல்லாரும் போன பிறகு மாமியார் அதே நாற்காலியில் இருந்தார். படம் இன்னும் மடியில் இருந்தது. தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த என்னைப் பக்கத்தில் வந்து இருக்கச் சொன்னார்.

"அண்ணைக்கு உனக்க அம்மை கொண்டுவந்தாளே, ஒரு படம். நான் பழத்துக்கு அடியில வச்சு விட்டேன். அதுலயும் பிள்ளை உண்டுமா கையில?"

அவர் அதை மறந்திருப்பார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"உண்டும் மாமி."

"நான் பாக்கல்ல. மடிச்ச காகிதத்தைப் பிரிச்சே பாக்கல்ல."

"பாத்திருந்தா இருக்க விட்டிருப்பியளா?"

மாமியார் பொய் சொல்லத் தெரியாதவர். "தெரியல்ல மக்களே. விட்டிருக்க மாட்டேன்னுதான் தோணுகு. ஆனா பாத்திருக்கணும். அந்தப் பொம்பிள அத்தறை தூரம் பஸ்ஸுல வந்தவ."

நான் அழுதேன். தம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு, வெட்கமில்லாமல், சத்தமாக அழுதேன். அம்மா அதைக் கேட்க இல்லையே என்று அழுதேன். இவர் தினத்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். கிணற்றடிக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். டேப்பும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தார்.

மாதாவைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினோம். பல்பு எரியக்கூடாது என்பது மாமியார் போட்ட ஒரே நிபந்தனை. அதுவும் பத்து நாள் தாங்கவில்லை. மழைக்கால இருட்டில் பிள்ளையின் முகம் தெரியவில்லை, அந்த லைட்டைப் போடு, ஆர்ட்டைப் பாக்க வேண்டாமா என்றார். அதிலிருந்து எரிகிறது.

இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது மாமியாருக்கு ஊசியில் நூல் கோர்க்கும் பார்வை. நான் வெளியே போகும்போது அவர் அறையில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவேன். ஒரு தொடுதல், ஒரு முத்தி, அவ்வளவுதான். அருங்காட்சியகத்தைப் போல இங்கே மணி எதுவும் அடிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே கதவருகில் வந்த மாமியார், மாதா படத்துக்கு முன்னால் நின்றார். கண்ணாடியில் பாதத்துக்கு நேரே என் விரல் தடம் எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டியிருந்தது. தன் முந்தானை நுனியால் அதை நன்றாகத் துடைத்தார்.

"போதகர் இண்ணைக்குச் சாப்பாட்டுக்கு வாறாரு, மக்களே" என்றார். "போகும்போது தொட்டுக்க. திரும்பி வந்ததும் துடைச்சிரு."